வாக்காளர் எண் நூற்றுப் பதினான்கு

பல்கேரிய அரசியல் சாசனம் பாராளுமன்றத் தேர்தலை நான்கு வருடத்துக்கு ஒரு முறை நடத்தச் சொல்கிறது. கோர்னா லிபா கிராமத்தில் அதை யாரும் குறை சொன்னதில்லை. சாசனத்தை எழுதியவர்களுக்கு அவசரம் இல்லை, நாட்டுக்கு இருக்கிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சில வருடங்களில் வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று தேர்தல் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் முடிந்த பிறகு, அரசாங்கம் அமைக்கச் சொல்லி முதல் கட்சியிடம் ஒரு கோப்பைக் கொடுப்பார்கள். அது ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். இரண்டாவது கட்சி மூன்று நாள் வைத்திருக்கும். மூன்றாவது கட்சி கோப்பின் நாடாவைக்கூட அவிழ்க்காது. பிறகு அடுத்த தேர்தலுக்குத் தேதி அறிவிப்பார்கள்.

ஊர்த்தலைவர் தேர்தல் மட்டும் அப்படி இல்லை. அது நான்கு வருடத்துக்கு ஒரு முறை, சொன்ன மாதத்தில் வந்துவிடும். அந்த மலைப்பக்கத்தில் சொன்ன நேரத்தில் வந்த ஒரே பொருள் அதுதான். கடந்த நான்கு தேர்தல்களிலும் நின்ற எல்லா வேட்பாளர்களும் பஸ் ஸ்டாப்புக்கு ஒரு விளக்குப் போடுவதாக வாக்குக் கொடுத்தார்கள். பதினாறு வருடம் அது இருட்டாகவே இருந்தது.

ரங்கேல் பெட்கோவின் மனைவி நெவேனா அந்தப் பஸ் ஸ்டாப்பில்தான் பெட்டிக்கடை வைத்திருந்தாள். முதல் பஸ் ஆறு மணிக்கு. ஐந்தரைக்குக் கடையைத் திறந்து, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, செய்தித்தாள் கட்டைப் பிரிப்பாள். விளக்குக்காக அவள் எழுதிய மனுக்களின் நகல்களை ரங்கேல் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். அவர் ரயில் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தைக் கைவிட மனம் வராது.

நெவேனா ஓர் அக்டோபரில் இறந்தாள், இரண்டு தேர்தல்களுக்கு நடுவில். அந்தக் காலத்தில் வேறு எப்போதும் இறக்க இடமில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "என் தாள கோயில் கதவுல ஒட்டிராதய்யா. அங்க யாரு போறா? பஸ் ஸ்டாப்புல ஒட்டு. பஸ்சு வர்ற வரைக்கும் சனம் படிக்க எதாவது வேணும்ல."

அவள் கேட்டதில் விசேஷம் ஒன்றுமில்லை. அந்த நாட்டில் ஒருவர் இறந்தால் படத்தோடு தாள் அச்சடித்து வீட்டுக் கதவிலும் கம்பத்திலும் மரத்திலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் இன்னொன்று, ஆறாம் மாதம் இன்னொன்று, வருடத்துக்கு இன்னொன்று. மேலே எத்தனை நாள், எத்தனை மாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். கீழே வீட்டார் எழுதிய நான்கு வரி. கோர்னா லிபாவில் உயிரோடிருப்பவர்களைவிடத் தாளில் இருப்பவர்களுக்கு ஊரில் நல்ல இடம் கிடைத்தது.

நாற்பதாம் நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. ரங்கேல் படத்தைத் தேடி எடுத்திருந்தார்: கடை திறந்த அன்று எடுத்தது, நெவேனா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். பசையைத் தடவி, பஸ் ஸ்டாப் பலகையில் ஒட்டி, சுருக்கம் எடுத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் தோஞ்சோ நிற்கிறான்.

தோஞ்சோ பக்கத்து வீட்டுக்காரன். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அது இப்போது ஓட்டுச்சாவடியாக வருடத்துக்கு இரண்டு தடவை திறந்தது. தோஞ்சோவும் அதன் தலைவனாக வருடத்துக்கு இரண்டு தடவை திறந்தான். மற்ற நாளில் அவனைப் பார்ப்பது கஷ்டம்.

இன்றைக்கு ஒட்டக்கூடாது என்றான் தோஞ்சோ. தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை சிந்தனை நாள். யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று மக்கள் தனிமையில் சிந்திக்கச் சட்டம் ஒதுக்கிய நாள். ஓட்டுச்சாவடியின் கண்ணெதிரே எந்த முகமும் தெரியக்கூடாது.

இது இறந்துபோனவளின் முகம் என்று ரங்கேல் சுட்டிக்காட்டினார்.

"எனக்குத் தெரியுதுண்ணே. அவ கடையில வாங்கின சிகரெட்டுக்கே இன்னும் இருமிக்கிட்டு இருக்கேன். ஆனா சட்டத்துக்கு அவளத் தெரியாதே. சிரிக்கிறா பாருங்க. செத்தவங்க யாராவது தாள்ல சிரிப்பாங்களா? வேட்பாளர்தான் சிரிப்பான்."

மேலே 40 என்று போட்டிருந்தது இன்னொரு சிக்கல். ஓட்டுச்சீட்டில் கட்சிகளுக்கு எண்தான் அடையாளம். அந்தத் தேர்தலில் இருபத்தேழு வரைதான் எண் இருந்தது. நாற்பதாம் எண்ணில் பதிவு செய்யாத கட்சி ஒன்று ரகசியமாகப் பிரசாரம் செய்வதாக மாவட்டத்திலிருந்து கேள்வி வந்தால் தன்னால் பதில் சொல்ல முடியாது என்றான் தோஞ்சோ. தாளை நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணி வைத்துப் பதமாகத்தான் எடுத்தான். அதைச் சொல்லியாக வேண்டும். நான்காக மடித்து ரங்கேலிடம் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை ஒட்டிக்கொள்ளச் சொன்னான்.

திங்கட்கிழமை நாற்பத்திரண்டாம் நாள். ரங்கேல் ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போடப் போனபோது பட்டியலில் தன் பெயருக்குக் கீழே அவள் பெயரைப் பார்த்தார். 113, பெட்கோவ் ரங்கேல். 114, பெட்கோவா நெவேனா. பக்கத்துக் கட்டம் கையெழுத்துக்காகக் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. பெயரை எடுத்துவிடச் சொன்னார்.

அது அவ்வளவு சுலபமில்லை. தேர்தல் நேரத்தில் பட்டியல் மூடப்பட்டிருக்கும், கை வைக்கக் கூடாது. தேர்தல் முடிந்தால் தேர்தல் குழு கலைந்துவிடும், கை வைக்க ஆள் இருக்காது. மனு கொடுக்கலாம். மனுப் படிவத்தில் விண்ணப்பிக்கும் வாக்காளரின் கையெழுத்து வேண்டும்.

"யாரு, அவளா?" என்றார் ரங்கேல்.

"நேர்ல வந்து போட்டா ரொம்ப நல்லது. முடியலன்னா ஏன் முடியலன்னு எழுதுங்க" என்றான் தோஞ்சோ.

ரங்கேல் எழுதினார். மனு மாவட்டத்துக்குப் போனது. அந்த ஊர்ப் பட்டியலில் இருநூற்று மூன்று பேர் இருந்தார்கள். ரொட்டி வண்டி வரும்போது வரிசையில் நிற்பவர்கள் எழுபது பேர். வாக்குப்பதிவு முப்பது சதவீதத்தைத் தாண்டவில்லையே, மக்களுக்கு ஜனநாயகத்தில் நம்பிக்கை போய்விட்டதா என்று தலைநகரில் தொலைக்காட்சியில் கவலைப்பட்டார்கள். கோர்னா லிபாவைப் பொறுத்தவரை, இறந்தவர்களுக்கு அரசியலில் ஆர்வம் சற்றுக் குறைந்திருந்தது. அவ்வளவுதான்.

அரசாங்கம் அமைக்கும் கோப்பு மூன்று கைகள் மாறித் திரும்பியது. அடுத்த தேர்தல் ஏப்ரலில் என்றார்கள். நெவேனாவின் ஆறாம் மாதமும் ஏப்ரலில்.

இந்த முறை ரங்கேல் முன்ஜாக்கிரதையாக, சிந்தனை நாளுக்கு ஒரு வாரம் முன்பே தாளை ஒட்டிவிட்டார். சனிக்கிழமைக்குள் தானே எடுத்துவிடுவதாகத் தோஞ்சோவிடம் எழுதிக் கொடுத்தார். மேலே பெரிதாக 6. நடுவே நெவேனா, சிரித்தபடி. கீழே அவர் எழுதிய வரிகள்:

இருட்டில் எங்களுக்கு வழி திறந்தவள்.
உன் நேர்மையை மறக்கமாட்டோம்.
நீ இல்லாமல் இந்த ஊர் ஊராக இல்லை.
திரும்பி வரமாட்டாயா?

அவர் தன் வருத்தத்தைத்தான் எழுதினார். ஆனால் அந்தத் தேர்தலில் குலுக்கலில் ஆறாம் எண் பெற்றது ஒரு சின்னக் கட்சி. பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நவம்பரில் அதற்குக் கோர்னா லிபாவில் விழுந்தது இரண்டு ஓட்டு. ஏப்ரலில் முப்பத்தொன்று.

யார் ஏன் போட்டார்கள் என்று யாரும் வெளியே சொல்லவில்லை. எதிர்வீட்டு வெலிகா மட்டும் வேலியோரம் நின்று ரங்கேலிடம் ஒத்துக்கொண்டாள். "இருபத்தொம்பது எண்ணு இருக்கு, ஒண்ணாவது தெரிஞ்ச மூஞ்சியா? உள்ள போய் நின்னதும் நெவேனா ஞாபகம் வந்துச்சு. கை தானா ஆறுல போயிருச்சுய்யா. அவ ஒருத்திதான் மீதிச் சில்லறைய ஒழுங்காக் குடுத்தவ."

அதோடு நின்றிருந்தால் தப்பித்திருக்கலாம். ஓட்டுப்பதிவன்று காலையில் ரங்கேல், ஆறாம் மாதத்து வழக்கப்படி, சர்க்கரையும் வாதுமைப் பருப்பும் போட்டு அவித்த கோதுமையைச் சின்னக் காகிதக் கிண்ணங்களில் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் நின்று கொடுத்தார். இறந்தவர் பெயரால் கொடுப்பதை "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொள்வார்கள். வாங்கியவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு நேரே எதிரே இருந்த ஓட்டுச்சாவடிக்குள் போனார்கள்.

மாவட்டத் தேர்தல் குழுத் தலைவர் திருமதி ஸ்லாவேவா மறுநாளே நேரில் வந்தார். பள்ளிக்கூடத்தில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மேஜையில், முழங்கால் இடிக்க உட்கார்ந்து விசாரணை நடத்தினார். எதிரே அதேபோல ரங்கேல். குற்றச்சாட்டுகள் இரண்டு: ஓர் எண்ணைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்தது, வாக்காளருக்கு உணவு வழங்கியது. சாட்சிப் பொருளாகப் பன்னிரண்டு கிண்ணம் கோதுமை கைப்பற்றப்பட்டு முத்திரை வைக்கப்பட்டிருந்தது. எண்ணிப் பார்த்தபோது ஒன்பதுதான் இருந்தது. தோஞ்சோ ஜன்னலைப் பார்த்தான்.

ஸ்லாவேவா கடுமையானவர் இல்லை. ரங்கேலின் துக்கம் தனக்குப் புரிகிறது என்று தொடங்கினார். பிறகு எழுந்து நின்று பேசினார், உட்கார்ந்திருக்க முடியாததால்.

"பெட்கோவ் ஐயா, நாங்க செத்தவங்கள மதிக்கலன்னு மட்டும் சொல்லிராதீங்க. எங்க பட்டியலப் பாருங்க. இந்த மாவட்டத்துல ஒருத்தரையாவது விட்டிருக்கமா? அவங்க சொந்தப் பிள்ளைங்ககூட மறந்திருப்பாங்க, நாங்க மறக்கல. ஒவ்வொரு தேர்தலுக்கும் அவங்க பேரால சீட்டு அச்சடிச்சு, எண்ணி, கட்டி, முத்திரை வச்சு வைக்கிறோம். ஆனா மரியாதைக்கும் ஒரு முறை இருக்கு. உங்க மனைவி பட்டியல்ல இருக்கலாம். பலகையில இருக்கக் கூடாது."

"அவ பேர எடுக்கச் சொல்லி நவம்பர்லயே மனு குடுத்தேன், மேடம்."

"அது பரிசீலனையில இருக்கு. ஒருத்தர் இறந்துட்டாருன்னு முடிவு பண்றது லேசான காரியமா? அவசரப்பட முடியுமா?"

தேர்தலை ஆறு மாதத்துக்கு ஒன்று நடத்துகிறீர்களே என்று ரங்கேல் கேட்கவில்லை. ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவர். தாமதத்துக்கு விளக்கம் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ஆனால் ஆறாம் எண் கட்சியின் தலைவர் அடுத்த வாரம் பெரிய காரில் வந்து, நெவேனாவின் கல்லறையில் மலர்வளையம் வைத்து, மறைந்த தியாகியின் கனவை நிறைவேற்றுவோம் என்று பேசிவிட்டுப் போனார். அவள் கனவு என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரங்கேல் சொல்லியிருப்பார்: ஒரு விளக்கு, அறுபது வாட்.

அந்தக் கோடை முழுக்கக் கோப்பு கைமாறிக்கொண்டிருந்தது. அடுத்த தேர்தல் அக்டோபரில் என்று வந்தது. இந்த முறை பாராளுமன்றத்துக்கும் ஊர்த்தலைவருக்கும் ஒரே நாள். ரங்கேல் நாள்காட்டியைப் பார்த்தார். நெவேனாவின் வருட நாள் சனிக்கிழமை. சிந்தனை நாள்.

எப்படியாவது அனுமதி வாங்கப் பார்த்தார். சிரிக்காத படம் தேடினார். அப்படி ஒன்று அடையாள அட்டையில்தான் இருந்தது, அதில் அவள் அவளாக இல்லை. எண் போடாமல் அடிக்கலாமா என்று அச்சகத்தில் கேட்டார். எத்தனை வருடம் என்று இல்லாமல் தாள் எதற்கு என்றான் அச்சகக்காரன். கடைசியில் தோஞ்சோ, குரலைத் தாழ்த்தி, நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னான்: ஊர்த்தலைவர் பதவிக்குச் சுயேச்சையாக அவள் பெயரைக் கொடுத்துவிட்டால் நாற்பது நாள் முகம் தெரிய ஒட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

"செத்தவ நிக்க முடியுமாடா?"

"பட்டியல்ல இருக்காளே. பட்டியல்ல இருக்குறவங்க யாரும் நிக்கலாம். போன தடவ ஜெயிச்சவன நாலு வருஷமா நாம பாத்தமா? யாருக்குத் தெரியும் அவன் உசுரோட இருக்கான்னு."

ரங்கேல் அன்று முழுக்கத் தோஞ்சோவோடு பேசவில்லை.

இதற்கிடையில் மாவட்டக் குழு, ஏப்ரலில் நடந்தது மறுபடி நடக்காமல் தடுக்க, ஒரு முடிவு எடுத்தது. பஸ் ஸ்டாப் பலகை இருந்த இடத்தில் பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, அரசாங்கக் காகிதத்தைத் தவிர வேறெதுவும் அங்கே இடம்பெறாமல் செய்வது. வாக்காளர் பட்டியலைத் தேர்தலுக்கு நாற்பது நாள் முன்பே மக்கள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. பெட்டி வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். பதிவேட்டில் நாற்பது நாள் முன்பே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ரங்கேல் வீட்டிலிருந்து கிளம்பினார். கையில் வருடத் தாள், மேலே 1, நடுவே சிரிப்பு. பசை எடுத்துக்கொள்ளவில்லை. எங்கேயும் ஒட்டப்போவதில்லை. தாளை மார்போடு பிடித்துக்கொண்டு முதல் பஸ் வரும்வரை நிற்பார். ஒரு மனிதன் நிற்கக் கூடாது என்று விதி இருந்தால் காட்டட்டும். விடிய இன்னும் நேரம் இருந்தது. ஊருக்குப் பெயர் கொடுத்த, கோடையில் தேன் வாசனையோடு பூக்கும் லிபா மரத்தைத் தாண்டித் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் வெளிச்சம்.

பட்டியல் எந்த நேரத்திலும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதும் விதியாம். அதனால் பெட்டிக்கு மேலே ஒரு விளக்குப் போட்டிருந்தார்கள். பதினாறு வருடமாக நான்கு ஊர்த்தலைவர்களால் முடியாதது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பட்டியல், பாராளுமன்றத்துக்கு ஒன்று, ஊர்த்தலைவருக்கு ஒன்று. பக்கத்தில் நாற்காலி போட்டு, பட்டியலை யாரும் கிழிக்காமலிருக்க எமில் என்ற போலீஸ்காரர் காவல் இருந்தார். நகரத்து ஆள், குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ரங்கேல் கண்ணாடிக்குக் கிட்டே போனார். 113, பெட்கோவ் ரங்கேல். 114, பெட்கோவா நெவேனா. அடுத்த பட்டியலிலும் அப்படியே, அவருக்குக் கீழே அவள்.

"பேரு சரியா இருக்கா, ஐயா?" என்று எமில் கேட்டார். கேட்கச் சொல்லி அவருக்கு உத்தரவு.

"சரியா இருக்கு" என்றார் ரங்கேல். "யாரும் எடுத்துர மாட்டாங்களே?"

"என்னைத் தாண்டியா? தொட்டா மூணு வருஷம் உள்ள."

ரங்கேல் கையிலிருந்த தாளைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார்.

முதல் பஸ்சுக்கு வந்தவர்கள் அவர் நிற்பதைப் பார்த்தார்கள், பிறகு எதைப் பார்க்கிறார் என்று பார்த்தார்கள். வெலிகா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வரிசையாக ஓட்டி 114-ல் நிறுத்தினாள். சிலுவைக் குறி இட்டாள். விரல் கீழே போனது. 121, அவள் புருஷன், ஆறு வருடம் ஆகிறது. 130, கொல்லன் மித்ரே. 131, அவன் தம்பி. வீட்டுக்குப் போய் மெழுகுவர்த்தி எடுத்துவந்தாள். ஒன்பது மணிக்குள் பெட்டிக்குக் கீழே மணலில் நாற்பது ஐம்பது மெல்லிய மஞ்சள் மெழுகுவர்த்திகள் எரிந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பட்டியலில் இறந்தவர் ஒருவர் இருந்தார். பஸ் வந்தது, யாரும் ஏறவில்லை, போய்விட்டது. எமில் தொலைபேசியில் மேலே கேட்டார்: கூட்டம் கூடியிருக்கிறது, ஆனால் எல்லாரும் வாக்காளர் பட்டியலைத்தான் படிக்கிறார்கள், கலைக்கவா? மேலிடத்துக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை.

திருமதி ஸ்லாவேவா பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார். முகம் உண்டா என்று பார்த்தார், இல்லை. எண் உண்டா? எல்லாம் அவர் குழு போட்ட எண். சிரிப்பு இல்லை. கூட்டத்தைப் பார்த்தார், அவர் கண் கலங்கிவிட்டது.

"இருபத்திரண்டு வருஷமா தேர்தல் நடத்துறேன்" என்றார் அங்கிருந்தவர்களிடம். "மக்களுக்கு அக்கறை இல்லைன்னு தலைநகர்ல பேசுறாங்க. வந்து பாக்கட்டும். வாக்காளர் பட்டியல் முன்னால அழுதுக்கிட்டு நிக்கிற ஒரு ஊர நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்." படம் எடுத்து மேலே அனுப்பினார். வெலிகா நீட்டிய கோதுமைக் கிண்ணத்தை வாங்கி, பழக்கத்தில், "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டார். யாரை என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அப்போதுதான் ரங்கேல் அவர் கண்ணில் பட்டார். நல்ல செய்தி ஒன்று இருந்தது. நவம்பர் மனு ஏற்கப்பட்டுவிட்டது. ஆள் இறந்துவிட்டது ஒருமனதாக முடிவாகியிருக்கிறது. இந்தத் தேர்தல் முடிவுகள் உறுதியானதும் பட்டியலை இறக்கி, அடுத்ததில் பெட்கோவா நெவேனாவின் பெயரை நீக்கிவிடுவார்கள்.

ரங்கேல் விளக்கைப் பார்த்தார். பகலிலும் எரிந்துகொண்டிருந்தது, அணைக்க யாருக்கும் அதிகாரம் இல்லாததால்.

"அந்த மனுவ நான் வாபஸ் வாங்கிக்கிறேன், மேடம்."

"வாபஸா? எதுக்கு?"

"நீங்கதான சொன்னீங்க, அவசரப்படக் கூடாதுன்னு."

ஸ்லாவேவா யோசித்தார். வாபஸ் வாங்கவும் படிவம் உண்டு, அதிலும் வாக்காளரின் கையெழுத்து வேண்டும், நேரில் வந்து. வராவிட்டால் விவகாரம் முடிவாகும்வரை பெயர் அப்படியே இருக்கும், பட்டியலும் கண்ணாடிக்குள் அப்படியே இருக்கும், விளக்கும். முடிவாக எவ்வளவு நாளாகும் என்று ரங்கேல் கேட்டார். புது அரசாங்கம் அமைந்து, புதுக் குழு நியமிக்கப்பட்ட பிறகுதான் சொல்ல முடியும் என்றார் அவர்.

பின்னால் நின்ற தோஞ்சோவுக்கு இருமல் வந்துவிட்டது.

மறுநாள் தேர்தல் நடந்தது. ஊர்த்தலைவராகப் பழையவரே வந்தார். நன்றி சொல்லும்போது, தான் கொடுத்த விளக்கு வாக்குறுதி நிறைவேறிவிட்டதைச் சுட்டிக்காட்டினார். முதல் கட்சியிடம் கோப்பைக் கொடுத்தார்கள். ரங்கேல் வானொலியைத் தவறாமல் கேட்டார். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று அடுப்பை மூட்டி, தனக்கென்று ஒரு சின்னக் கோப்பை ரகியா சாராயம் ஊற்றிக்கொண்டார், அவளுக்கென்று இரண்டு சொட்டுத் தரையில் விட்டுவிட்டு. இரண்டாவது கட்சியும் திருப்பியது. மூன்றாவது கட்சி இரண்டு நாள் யோசித்தபோது அவருக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு அதுவும் நாடாவை அவிழ்க்காமல் அனுப்பிவிட்டது.

அடுத்த தேர்தல் ஏப்ரலில். காலை ஐந்தரைக்கு ரங்கேல் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறார். அந்த வெளிச்சத்தில் செய்தித்தாள் எழுத்துக்கூட நன்றாகத் தெரிகிறது.